வாடகை வீட்டில் ஹேர் டை கறை: எதில் பட்டால் எதைப் போடுவது?

கேள்வி: புதுசா குடிவந்த வாடகை வீடு. கருப்பு ஹேர் டை வாஷ்பேசின் ஓரத்திலயும் டைல்ஸ் இடுக்குலயும் பட்டிருக்கு. படுக்கையறை கார்பெட்ல ரெண்டு சொட்டு. சோப்பு போட்டும் போகல. அசிட்டோன் ஊத்தித் தேய்க்கலாமா? வீட்டைக் காலி பண்ணும்போது முன்பணத்துல பிடிச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: அசிட்டோன் பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி பேசின் எதுல செஞ்சதுன்னு பாருங்க. பீங்கான்னா கை வச்சதும் சில்லுனு இருக்கும், தட்டினா கணீர்னு கேட்கும். அக்ரிலிக், ஃபைபர்கிளாஸ்ல குளிர்ச்சி தெரியாது, சத்தமும் மந்தமா வரும். பாத்டப்பும் ஷவர் தட்டும் நிறைய வீடுகள்ல இந்த ரகம்தான். பீங்கான்ல பஞ்சுல நனைச்சு அசிட்டோன் போடலாம். அக்ரிலிக்ல போட்டீங்கன்னா மேல்பூச்சே கரைஞ்சு மங்கிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பலதுலயும் அசிட்டோன் இருக்கு, லேபிளைப் படிங்க.

அக்ரிலிக்குக்கு 70% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். பஞ்சுல நனைச்சு கறை மேல ஒரு நிமிஷம் வச்சு, துடைச்சு, தண்ணி விட்டு அலசுங்க. ரெண்டு மூணு தடவை செய்யலாம். ஆனா ஊற விட்டுட்டுப் போகாதீங்க, நுண்ணிய வெடிப்பு விழும். அதுக்கும் அசையலைன்னா ரெண்டு ஸ்பூன் சமையல் சோடாவை 3% ஹைட்ரஜன் பெராக்சைடுல குழைச்சுப் பூசி, 20 நிமிஷம் கழிச்சு மென்மையான துணியால எடுங்க. இரும்பு நார் கூடவே கூடாது. அது போடுற கீறல்லதான் அடுத்த தடவை டை போய் உட்காரும்.

கறை ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, நிரந்தர டையில இருக்குறது நிறமே இல்லாத சின்ன மூலக்கூறுகள். பெராக்சைடோட கலந்தப்புறம்தான் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெரிய கருப்பு மூலக்கூறா மாறும். முடிக்குள்ள நடக்குறதுதான் பேசினோட நுண்துளையிலயும் நடக்குது. அதனால சிந்தின உடனே வெளிர் பழுப்பாத் தெரியும், ‘அப்புறம் துடைக்கலாம்’னு விட்டா அரை மணி நேரத்துல கருத்துடும். முதல் சில நிமிஷத்துல சோப்புத் தண்ணியே போதும்.

பதில்: டைல்ஸ் இடுக்கு வேறு கதை. அங்கே இருப்பது சிமென்ட் கலவை, தண்ணீரை உறிஞ்சும். வெள்ளை இடுக்கு என்றால் ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு (துணி வெளுக்கும் திரவம், தலைமுடி பிளீச் அல்ல) பத்து பங்கு தண்ணீர் கலந்து, டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி நனைத்து, கறை மேல் 15 நிமிடம் படுக்க வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். நிறம் உள்ள இடுக்கில் பிளீச் வெளுத்துவிடும், அங்கே மேலே சொன்ன சோடா பூச்சை ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பல டைகளில் அம்மோனியா இருக்கிறது. ஈர டை மேல் பிளீச் பட்டால் நுரையீரலைத் தாக்கும் குளோரமைன் வாயு வரும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. ஆல்கஹால், அசிட்டோன், பெராக்சைடு இவற்றோடும் பிளீச் சேரக் கூடாது. ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உலரவிட்டு, மறுநாள் பிளீச் எடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், கதவும் திறந்திருக்கட்டும்.

பாத்டப்பைச் சுற்றி ஓடும் வெள்ளை சிலிகான் கோட்டில் டை ஆழமாக இறங்கிவிடும். பிளீச் திரியைச் சில மணி நேரம் வைத்தும் போகவில்லை என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புது சிலிகான் பூசுவதுதான் வழி. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மார்பிள் மேடையில் வினிகரோ எலுமிச்சையோ வேண்டாம், அமிலம் கல்லையே அரிக்கும். வெளிர் நிறக் கல்லுக்கு சோடா-பெராக்சைடு பூச்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, 24 மணி நேரம் விடலாம்.

பதில்: கார்பெட்டைத் தேய்க்காதீங்க. வெள்ளைத் துணியால வெளியிலிருந்து உள்பக்கமா ஒத்தி எடுங்க. ரெண்டு கப் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். அதை ஒத்தி ஒத்தி எடுத்தப்புறம், வெறும் தண்ணி. அடுத்தது ஆல்கஹால். அதைத் துணியில நனைக்கணும், கார்பெட்ல ஊத்தக் கூடாது, அடியில இருக்குற பசை விட்டுடும். கடைசியாத்தான் 3% பெராக்சைடு, அதுவும் வெளிர் நிறச் செயற்கை இழைக்கு மட்டும், அலமாரிக்குள்ள தெரியாத மூலையில சோதிச்சுட்டு. பிளீச் எந்தக் கார்பெட்டுக்கும் வேண்டாம், கம்பளியா இருந்தா இழையே கரைஞ்சுடும்.

சுவர்ல பட்டிருந்தா மெலமைன் ஸ்பான்ஞ்சை (கறையைச் சுரண்டி எடுக்குற வெள்ளை ஸ்பான்ஞ்ச்) லேசா நனைச்சு ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான். மேட் பெயின்ட்ல அழுத்தித் தேய்ச்சா அந்த இடம் பளபளன்னு தனியாத் தெரியும். கறை மேல நேரா பெயின்ட் அடிச்சாலும் ஊறி வெளியே வந்துடும். கறை தடுக்குற பிரைமர் ஒரு கோட் முதல்ல போடணும்.

அடுத்த தடவை டை கலக்குறதுக்கு முன்னாடி பேசின் விளிம்புலயும் சிலிகான் கோட்டுலயும் வாசலின் தடவி வைங்க. தலை அலசுறப்போ பேசினை முதல்ல நனைச்சுட்டு, குழாயை ஓட விட்டபடியே அலசுங்க.

கேள்வி: நன்றிங்க. கார்பெட் கம்பளியா செயற்கையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: அலமாரி மூலையில ஒரே ஒரு இழையைக் கத்தரிச்சு, இடுக்கியில பிடிச்சு, சிங்க்குக்கு மேல கொளுத்துங்க. முடி கருகுற வாசனையோட பொடியானா கம்பளி. உருகி உருண்டையானா செயற்கை.