கவிதை எழுதினா கடன் அடையுமா?

கூரைக்காக்கா:
சிங்கப்பூர்ல கட்டட வேலை. ஊரு பேராவூரணி பக்கம். ஏஜெண்ட் காசு பாதிதான் அடைஞ்சிருக்கு, மீதிக்கு வட்டி ஓடுது. ராத்திரி டார்மிட்டரியில படுத்தா தூக்கம் புடிக்காது. ஒரு நோட்டு வச்சிருக்கேன், அதுல எழுதுவேன். எழுதினா நெஞ்சுல ஏதோ எறங்கின மாதிரி இருக்கு. பக்கத்து கட்டில் அண்ணன், "எழுதுற நேரத்துக்கு தூங்குடா, நாளைக்கு சாரம் ஏறணும்"னு திட்டுறாரு. இது உண்மையிலேயே உதவுதா, இல்ல நானே என்னை ஏமாத்திக்கிறேனா? ஒண்ணு போடுறேன், பாருங்க.

மேல ஏறி நின்னாக்கா மெரினா பே மின்னுது
மேஸ்திரி போடும் சத்தத்துல மேகமே ஓடுது
ஏஜெண்டு காசுக்கு ஏழு பவுன் போயாச்சு
எம்மவளுக்கு போனுலதான் ரெண்டு பல்லு மொளச்சாச்சு

கறார் கணக்கு:
தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க கட்டில்காரர் சொல்றதுதான் சரி. தூக்கம் கெட்டு மறுநாள் உயரத்துல நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதோட சிங்கப்பூர்ல யாருங்க மேஸ்திரின்னு கூப்பிடுறா? அங்க சூப்பர்வைசர்தானே. மோனைக்காக ஒரு பொய் சொல்லிட்டீங்க. கஷ்டத்தைக் கவிதையாக்கினா இதுதான் நடக்கும். கஷ்டம் கொஞ்சம் அழகாயிடும், அழகானதும் அதோட குடும்பம் நடத்தப் பழகிடுவோம். வட்டிக்காரனுக்கு உங்க எதுகை மோனை எதுவும் வேண்டாம், அசல்தான் வேணும்.

தமிழம்மா (ஓய்வு):
கறார் கணக்கு, கொஞ்சம் பொறுங்கள். வறுமையைப் பாடுவது நமக்குப் புதிதா? புறநானூறு 164-ஐ எடுத்துப் பாருங்கள். பெருந்தலைச் சாத்தனார் வீட்டு அடுப்பு சமைப்பதையே மறந்து காளான் பூத்துக் கிடக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைக்கும்போதெல்லாம் குழந்தை அழுகிறது, தாய் கண்ணீரோடு அதன் முகத்தைப் பார்க்கிறாள், கணவன் அவள் துயரத்தைப் பார்க்கிறான். இந்த மூன்று பேரில் ஒரு வீட்டின் பசி முழுவதும் வந்துவிடுகிறது. இதைப் பாடியவர் தன்னை ஏமாற்றிக்கொண்டாரா?

கறார் கணக்கு:
டீச்சர், நீங்க எடுத்த பாட்டு எனக்குத்தான் சாட்சி. சாத்தனார் மனசு ஆறணும்னு பாடலையே! நாட்டை இழந்து காட்டுல இருந்த குமணன் முன்னாடி போய் நின்னு பாடினார். அது மனு. கொடுக்கக்கூடியவன் காதுல விழணும்னு செஞ்ச பாட்டு. குமணனும் கொடுக்க ஒண்ணும் இல்லாம, என் தலையையே வெட்டி எடுத்துட்டுப் போன்னு வாளை நீட்டினான். நம்ம தம்பி நோட்டுல எழுதி தலைகாணிக்கு அடியில வைக்கிறாரே, அதை எந்தக் குமணன் படிக்கப் போறான்?

தமிழம்மா (ஓய்வு):
நியாயமான கேள்வி. அப்படியானால் மனுப் போட ஆளே இல்லாதவன் பாடிய பாட்டு ஒன்று. "ஆவீன மழைபொழிய இல்லம் வீழ" என்று தொடங்கும் தனிப்பாடல். மாடு கன்று போடும் நேரம் பார்த்து மழை, வீடு இடிகிறது, மனைவிக்கு உடம்பு நோவு, வேலையாள் சாகிறான். ஈரம் காய்வதற்குள் விதைக்கலாம் என்று ஓடினால் வழியில் கடன்காரர் மறிக்கிறார். எதிரே ஒருவன் சாவுச் செய்தி ஓலை கொண்டு வருகிறான், தட்ட முடியாத விருந்து வருகிறது, பாம்பு கடிக்கிறது, அரசன் வரி கேட்கிறான், கடைசியில் குருக்கள் தட்சணைக்கு வந்து நிற்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் குருக்கள் வரும்போது வெடித்துச் சிரித்துவிடுவார்கள். இதில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுக்கிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அடுக்கியதும் தன் தலைவிதியே ஒரு வேடிக்கையாகிவிட்டது. தம்பியின் கடைசி வரியிலும் அந்தக் குறும்பு இருக்கிறது.

வார்டு நைட் டூட்டி:
மனநலப் பிரிவுல செவிலியரா இருக்கேன், அதனால இதையும் சொல்லிடுறேன். 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதச் சொன்னாங்க. மனசுல இருந்த பெரிய அடியைப் பத்தி, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினவங்க பின்னால வந்த மாசங்கள்ல மத்தவங்களைவிடக் குறைவாத்தான் மருத்துவரைத் தேடிப் போனாங்க. ஆனா எழுதி முடிச்ச கையோட அவங்க மனநிலை மோசமாத்தான் இருந்தது. பின்னால இதை நிறைய பேர் சோதிச்சுட்டாங்க. பலன் இருக்கு, சின்னதுதான்.

கவனிக்க வேண்டியது: அது உரைநடை, ஊர் பார்க்கப் போட்டதும் இல்லை. எழுதுறது வேற, போட்டுட்டு எத்தனை லைக்குன்னு பார்த்துக்கிட்டே கிடக்கிறது வேற.

இன்னொண்ணு. இதே பென்னிபேக்கர் 2001ல வேறொருத்தரோட சேர்ந்து, தற்கொலை செஞ்சுக்கிட்ட 9 கவிஞர்களோட கவிதைகளையும் செஞ்சுக்காத 9 பேரோட கவிதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் கூட்டத்துல "நான், எனது" அதிகம். கவிதை அவங்களை அப்படி ஆக்கிச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஆனா எழுதினா எல்லாம் சரியாப் போயிடும்னும் இல்லை. தம்பி, சோறு எறங்காம, தூக்கமே இல்லாம நாள் கணக்காப் போச்சுன்னா நோட்டை மட்டும் நம்பாதீங்க. வாய் திறந்து ஆள்கிட்ட பேசுங்க.

கூரைக்காக்கா:
அக்கா, சாப்பாடெல்லாம் நல்லாத்தான் எறங்குது :) மேஸ்திரி விஷயம் தெரிஞ்சுதான் போட்டேன். சூப்பர்வைசர்னா அந்த அடியில உக்காரவே மாட்டேங்குது. நாலஞ்சு ராத்திரி அந்த ஒரு சொல்லுக்கு அலைஞ்சேன். அந்த நேரத்துல வட்டிக்காரன் மூஞ்சி ஞாபகத்துலயே வரல. எனக்குக் கெடைக்கிறது அதுதான்னு நெனைக்கிறேன். அழுது தீர்க்கிறதுன்னா நோட்டு எதுக்கு, பாத்ரூம் போதுமே.

கறார் கணக்கு:
இது நல்ல பதில், ஒத்துக்கிறேன். ஆனா என் பயம் வேற. சிங்கப்பூர்ல புலம்பெயர் தொழிலாளிகளுக்குக் கவிதைப் போட்டி 2014ல ஆரம்பிச்சாங்க. ஜாகிர் ஹுசைன் கோகன்னு வங்கதேசத்துக்காரர், 2014, 2015 ரெண்டு வருஷமும் ஜெயிச்சார். எல்லாரும் கை தட்டினாங்க. 2021ல ஒரு டார்மிட்டரியில நடந்த பிரச்சினையை வச்சு பேஸ்புக்ல பச்சையா ஒரு பதிவு போட்டார். 2022ல அவர் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கல. பதிவு தவறான தகவல், தூண்டிவிடுற பேச்சுன்னு மனிதவள அமைச்சகம் சொன்னது. 19 வருஷம் உழைச்ச ஊர்! கவிதை எழுதினப்ப பரிசு, விஷயத்தை நேரடியா எழுதினதும் கதவடைப்பு. கவிதையை ஏன் விட்டு வைக்கிறாங்கன்னு யோசிங்க. அதுக்குப் பல்லு இல்லை.

வைகைக்கரை:
கணக்கு சார், பாதிக் கதைதான் சொல்றீங்க. பெர்மிட் போய் ஊர் திரும்புற தொழிலாளி எத்தனையோ பேர், யார் பேராவது உங்களுக்குத் தெரியுமா? ஜாகிர் பேரு தெரியுது. ஏன்? கவிதை எழுதினார். அதனாலதான் அவர் பெர்மிட் போனது செய்தியாச்சு.

அப்புறம் ஒப்பாரியை எல்லாருமே மறந்துட்டீங்களே. எங்க ஊர்ல எழவு வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க செத்தவங்களுக்காக மட்டுமா பாடுறாங்க? பாட்டுக்கு நடுவுல அண்ணன் சொத்துல பங்கு தராததும் வரும், மாமியா படுத்தின பாடும் வரும். மத்த நாள்ல சொன்னா வாயாடின்னு பேரு, பாட்டுல சொன்னா சபையே தலையாட்டும். அண்ணன்காரன் அங்கயே தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பான். இதுக்குப் பல்லு இல்லைன்னு சொல்லிடாதீங்க.

கறார் கணக்கு:
ஒப்பாரி பத்து பேர் தோளைக் கட்டிக்கிட்டு பாடுறது. கேட்க வேண்டியவன் எதிர்ல உக்காந்திருக்கான், நீங்களே சொல்லிட்டீங்க. தனியா கட்டில்ல படுத்து எழுதுறதோட அதைச் சேர்க்காதீங்க.

சரி, பாட்டு இருக்கட்டும். தம்பி, நேரா கேட்கிறேன். ஓட்டி (ஓவர்டைம்) காசு ஒழுங்கா வருதா? வாரம் 44 மணிக்கு மேல போனா ஒண்ணரை மடங்கு தரணும், சட்டம் அது.

கூரைக்காக்கா:
முழுசா வரல அண்ணே. கேட்டா அடுத்த மாசம்ங்கிறாங்க.

கறார் கணக்கு:
இதைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும், மேஸ்திரிய புடிச்சுட்டுத் தொங்கிட்டேன். வேலையில இருக்கும்போதே டி.ஏ.டி.எம்-ல, அதான் சிங்கப்பூர்ல சம்பளத் தகராறைப் பார்க்கிற அமைப்புல, சம்பள மனு போடலாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள வரவேண்டிய பாக்கிக்குத்தான். வேலையை விட்டுட்டா ஆறு மாசம்தான் டைம். எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சதுன்னு கணக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?

கூரைக்காக்கா:
தனியா இல்ல. ஆனா ஒவ்வொரு கவிதைக்கும் மேல தேதியும் சைட்ல கெளம்பின நேரமும் போட்டிருப்பேன். சும்மா ஒரு பழக்கம்.

கறார் கணக்கு:
யோவ்! இன்னைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி வைங்க. கீழ இருக்கிற மேஸ்திரிய மட்டும் கையால மறைச்சுக்குங்க.