சல்லடை பிரேமில் விரிசல்: ஸ்ட்ரெஸ் பார்க்க எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?

சூரமங்கலம் பட்டறை:
வணக்கம். சேலத்தில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சல்லடை, ஹாப்பர் செய்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. போன வருடம் கொடுத்த ஒரு ஆடும் சல்லடையில், பிராக்கெட் பிரேமோடு சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாக முடி மாதிரி ஒரு கோடு. இரண்டே மாதத்தில். திரும்ப வெல்டு அடித்துக் கொடுத்தேன், அதே இடத்தில் மறுபடி விட்டுவிட்டது. ஆலைக்காரர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சல்லடையை ஆட்டும் எக்சென்ட்ரிக் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று, தினம் 10 மணி நேரம் ஓட்டம்.

இனி கணக்குப் பார்த்துத்தான் தகடு வெட்டுவேன். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், ஆன்சிஸ், ஃப்ரீகேட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தெரிந்த தம்பி ஆன்சிஸ் மாணவர் பதிப்பில் ஓட்டியதில் ஸ்ட்ரெஸ் அதிகபட்சம் 70 எம்பிஏ (MPa, ஒரு சதுர மிமீக்கு எத்தனை நியூட்டன் விசை என்ற அளவு). தகடு 10 மிமீ, ஐஎஸ் 2062 தரத்தில் இ250 ரகம், ஈல்டு (தகடு நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 250. அப்புறம் ஏன் உடைகிறது? சாஃப்ட்வேர் தப்பா?

ஐந்து ரோடு டிசைனர்:
அண்ணா, முதலில் மாணவர் பதிப்பை விடுங்கள், அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமை இல்லை. ஃப்யூஷனின் இலவசப் பதிப்பிலும் அப்படித்தான், அதில் சிமுலேஷனும் கிடையாது. சாலிட்வொர்க்ஸோடு வரும் சிமுலேஷன்எக்ஸ்பிரஸ் ஒற்றைப் பாகத்தை மட்டும் பார்க்கும். உங்களுடையது பல பாகம் சேர்ந்த பிரேம். காசு போடுவதற்கு முன் ஃப்ரீகேட் பழகுங்கள். உள்ளே கணக்குப் போட கால்குலிக்ஸ் என்ற சால்வர் இருக்கிறது, தொழிலுக்கும் தடையில்லை. பிரேமின் இயல்பு அதிர்வெண்ணையும் (தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம்) அதிலேயே பார்க்கலாம். உங்கள் 300 சுற்று என்பது 5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 5 ஆட்டம்), இயல்பு அதிர்வெண் அதற்குப் பக்கத்தில் வரக்கூடாது.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற மெஷின் டிசைனர்:
தம்பி, சாஃப்ட்வேரில் குறையில்லை, கேட்ட கேள்வியில்தான் குறை. ஈல்டு 250 என்பது ஒருமுறை ஏற்றும் சுமைக்கு. உங்கள் சல்லடை மணிக்கு 18,000 தடவை ஆடுகிறது, நாளைக்கு 1,80,000. பன்னிரண்டு நாளில் 20 லட்சம் தாண்டிவிடும். இது ஃபடீக், அதாவது திரும்பத் திரும்ப ஆடி இரும்பு களைத்து விரிசல் விடுவது. போக 70, வர 70 என்றால் வீச்சு 140. ஃபில்லெட் வெல்டு (இரண்டு தகடு சேரும் மூலையில் அடிக்கும் வெல்டு) ஓரம் அத்தனை தடவைக்கு அதைத் தாங்காது. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 800:2007-இல் ஃபடீக் பற்றிய 13-ஆம் பிரிவைப் படியுங்கள். இ350 தகடு வாங்கிப் போட்டாலும் பலன் இல்லை, இரும்பு உரமானால் வெல்டு ஓரத்தின் ஃபடீக் பலம் கூடிவிடாது. பிராக்கெட்டை நீட்டி, வெல்டு முடியும் இடத்தை ஸ்ட்ரெஸ் குறைந்த பக்கம் கொண்டுபோங்கள்.

எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் முதலில் ஒரு பட்டையைப் போட்டுப் பாருங்கள். 50க்கு 10 பிளாட், நெட்டுக்குத்தாக, 500 மிமீ நீளம், ஒரு முனை இறுக்கி மறுமுனையில் 50 கிலோ. கையால் போட்டால் 59 எம்பிஏ, இறக்கம் 1 மிமீக்குச் சற்றுக் குறைவு. அது வராதவரை பிராக்கெட் பக்கம் போகாதீர்கள்.

சூரமங்கலம் பட்டறை:
ஐயா, ஃப்ரீகேட்டில் போட்டேன். இறக்கம் 0.6 மிமீதான் வந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று மெஷ்ஷை (கணக்குக்காகப் பாகத்தைப் பொடித்துண்டுகளாகப் பிரிப்பது) முதல் ஆர்டரில், அதாவது துண்டின் ஓரம் வளையாத எளிய வகையில், வைத்திருந்தேன். இரண்டாம் ஆர்டருக்கு மாற்றியதும் 0.98. சரி என்று பிராக்கெட்டுக்குப் போனால், மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க மூலையில் 70, 95, 130 என்று ஏறிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற மெஷின் டிசைனர்:
மூலை நம்பரை விடுங்கள். கூர்மையான உள்மூலையில் அது நிற்காமல் ஏறும். வெல்டு ஓரத்திலிருந்து 4 மிமீ, 10 மிமீ தள்ளி இரண்டு இடத்தில் ஸ்ட்ரெஸ் எடுத்து, கோடு போட்டு ஓரத்துக்கு நீட்டுங்கள். 10 மிமீ தகட்டுக்கு அதுதான் அளவு.

சூரமங்கலம் பட்டறை:
எடுத்தேன் ஐயா. பழைய பிராக்கெட்டில் 88, நீட்டியதில் 31. நாளைக்கு அட்டையில் வெட்டிப் பிரேமில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் தகடு.