சார்ஜர் போட்டால் ஹெட்போனில் உர்ர்ர்… ஆம்பை மாற்றவா?

நாகமலைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. லேப்டாப்பில் நேராகச் செருகினால் இப்போதைய சினிமாப் பாட்டு ஓரளவு நன்றாகவே கேட்கிறது. அப்பாவின் கேசட்டுகளிலிருந்து ஏற்றி வைத்திருக்கும் மதுரை சோமு கச்சேரிகளைப் போட்டால்தான் வால்யூமை முழுசாக வைத்தும் பத்தவில்லை. 300 ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் (சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) வேண்டும் என்றார்கள். சரி என்று யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்குப் புரியும் ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி, DAC) ஒன்றும், மூன்று பின் பிளக் வைத்த ஹெட்போன் ஆம்ப் ஒன்றும் வாங்கினேன். லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி, டாக்கிலிருந்து ஆர்சிஏ வயர், ஆம்ப், ஹெட்போன். அவ்வளவுதான் இணைப்பு.

சத்தம் இப்போது தாராளம். ஆனால் லேப்டாப்புக்குச் சார்ஜர் போட்டிருந்தால் அடியில் 'உர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். முதலில் தம்புராதான் அப்படிக் கேட்கிறதோ என்று நினைத்தேன். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அமைதி. கடைக்காரர், "விலை கம்மி ஆம்ப்னா அப்படித்தான் தம்பி, 1000 மில்லிவாட் மாடல் இருக்கு, மாத்திக்குங்க" என்கிறார். மாற்றுவதற்கான கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. மாற்றவா? இல்லை, டாக்கும் ஆம்பும் ஒரே பெட்டியில் வருகிறதே, அதற்குப் போய்விடவா?

கீழவாசல் ரேடியோ:
தம்பி, அவசரப்பட்டுத் தூக்கிக் கொடுத்துடாதீங்க. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆம்ப் கெட்டுப்போயிருந்தால் லேப்டாப் பேட்டரியில் ஓடுவது அதற்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் சோதித்துச் சொல்லுங்கள். பாட்டு எதுவும் ஓடாமல், ஆம்பின் வால்யூம் குமிழை மெல்லத் திருகினால் இரைச்சலும் கூடவே ஏறுகிறதா, இல்லை எங்கே வைத்தாலும் ஒரே அளவா? அடுத்து, ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆம்பை அணைத்து, ஆம்ப் பக்கம் இருக்கும் ஆர்சிஏ வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள். லேப்டாப்புக்குப் பதில் உங்கள் போனை ஓடிஜி வயர் போட்டு டாக்கில் இணைத்தும் பாருங்கள். அப்புறம், சார்ஜரும் ஆம்பும் எந்தெந்த பிளக் பாயிண்டில் இருக்கின்றன?

பழங்காநத்தம் பேஸ்:
இதற்குப் போய் இவ்வளவு சோதனையா ப்ரோ! கிரவுண்ட் லூப்தான், எர்த்துக்கு எர்த் வயர் வழியாகக் கரண்ட் சுற்றுவது. ஆம்ப் பிளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னுக்கு டேப் சுற்றுங்கள், இல்லை இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுங்கள். என் ரூமில் அப்படித்தான் ஓடுகிறது. சுத்தமாக இரைச்சல் இல்லை.

கீழவாசல் ரேடியோ:
இரைச்சல் போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆம்புக்குள் என்றைக்காவது 230 வோல்ட் வயர் ஒன்று கழன்று தகரப் பெட்டியைத் தொட்டால், ஃபியூஸ் போவதற்குப் பதில் பெட்டி முழுக்கக் கரண்ட் நிற்கும். ஆர்சிஏ வயரின் வெளி உறையும் ஹெட்போன் ஜாக்கின் உலோகமும் அந்தப் பெட்டியோடு சேர்ந்தவை. தலையில் மாட்டிக்கொள்கிற பொருள் தம்பி இது. எர்த்தைப் பிடுங்குகிற யோசனையை யாரும் யாருக்கும் சொல்லாதீங்க. உங்க ரூமிலும் அதை எடுத்துடுங்க.

நாகமலைவாசி:
பார்த்துவிட்டேன் அண்ணே. குமிழைத் திருகத் திருக இரைச்சலும் ஏறுகிறது. ஆம்ப் பக்கம் ஆர்சிஏவைக் கழற்றிவிட்டால், குமிழ் கடைசியில் இருந்தும் ஒரு சத்தமும் இல்லை. போனிலிருந்து ஓட்டினாலும் சுத்தம். லேப்டாப் சார்ஜர் கட்டில் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அதுவும் மூன்று பின்தான். ஆம்ப் எதிர்ச் சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். இன்னொன்றும் உண்டு, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் மூடியை விரல் பின்பக்கத்தால் தடவினால் 'ஜிவ்'வென்று ஒரு நடுக்கம் தெரிகிறது. வாங்கியதிலிருந்தே அப்படித்தான்.

கீழவாசல் ரேடியோ:
சம்பந்தமா? கதையே அதுதான். ஆம்பும் டாக்கும் நிரபராதி, உங்கள் கட்டில் பக்கத்து பிளக்கில் எர்த் இல்லை என்று முக்கால்வாசி நிச்சயமாகச் சொல்கிறேன்.

சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவை வழியாக எப்போதும் துளிக் கரண்ட் கசியும். எர்த் இருந்தால் அது பேசாமல் அந்த வழியே இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். நீங்கள் தொட்டால் நடுக்கம். டாக்கை இணைத்தால் அதற்கு வேறு வழி கிடைத்துவிடுகிறது: யூஎஸ்பி வயரின் உறை, டாக், ஆர்சிஏ வயரின் உறை, ஆம்ப், எதிர்ச் சுவரின் எர்த். ஆர்சிஏ வயரில் பாட்டு திரும்பி வருவதும் அதே உறை வழியாகத்தான். அங்கே விழுகிற துளி வோல்ட்டேஜையும் ஆம்ப் பாட்டு என்றே எண்ணிப் பெருக்கிக் கொடுக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் சேர்ந்ததுதான் உங்கள் 'உர்ர்ர்'.

இங்கே 1000 மில்லிவாட் ஆம்ப் வைத்தால் இரைச்சலை இன்னும் பெரிதாகக் கேட்கலாம், அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் நீங்களே இறங்க வேண்டாம்.

எல்லீஸ் நகர் 44.1:
அண்ணன் வயரிங்கைச் சொல்லிவிட்டார். மில்லிவாட் கணக்கை நான் சொல்கிறேன். ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பும் முன் இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

எச்டி 600க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். லேப்டாப் ஜாக்குகளில் நிறைய, முழு வால்யூமில் சுமார் 1 வோல்ட்தான் தரும். இப்போதைய சினிமாப் பாட்டு முழுக்க உச்சத்திலேயே அமுக்கி வைக்கப்பட்டிருப்பதால் அதுவே போதும். கச்சேரிப் பதிவில் தவில் அடி எங்கோ உச்சத்தில் இருக்கும், சோமு கீழ்ஸ்தாயியில் முனகுவது வெகு கீழே இருக்கும். அந்த முனகல் கேட்கத்தான் வால்யூம் பத்தாமல் போகிறது. உச்சம் 110 டெசிபல் வரை போக வேண்டுமென்றால்கூட இன்னும் 13 டெசிபல், அதாவது நாலரை வோல்ட். 300 ஓமில் அது 67 மில்லிவாட்தான். அந்த உச்சத்திலேயே உட்கார்ந்து கேட்டால் காது போய்விடும், அது வேறு விஷயம்.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 மில்லிவாட் பெரும்பாலும் 32 ஓமுக்கானது. அதே வோல்ட்டேஜ் 300 ஓமில் சுமார் 107 மில்லிவாட்தான் தரும். ஆகவே 300 ஓமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போடாத பெட்டியை நம்பாதீர்கள். உங்கள் ஆம்ப் என்ன சொல்கிறது?

நாகமலைவாசி:
300 ஓமில் 130 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது.

எல்லீஸ் நகர் 44.1:
அப்ப போதும் போதும்னு ஆகிடும். ஆம்ப் அங்கேயே இருக்கட்டும். ஒரே பெட்டியில் டாக்கும் ஆம்பும் வருவதில் ஒரு வசதி உண்டு, இடையில் ஆர்சிஏ வயரே இல்லை என்பதால் இந்த மாதிரி இரைச்சல் நுழைய ஒரு வாசல் குறைவு. புதிதாக வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். உங்கள் டாக்கில் ஹெட்போன் ஓட்டையும் இருந்தால் அதிலிருந்து ஆம்புக்கு இழுக்காதீர்கள், பின்னால் இருக்கும் லைன் அவுட்டிலிருந்தே எடுங்கள். விண்டோஸ் வால்யூம் 100இல் இருக்கட்டும், கூட்டுவது குறைப்பது எல்லாம் ஆம்ப் குமிழில். போடும்போது டாக் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இல்லாவிட்டால் 'டப்'பென்று ஒரு அடி வாங்குவீர்கள்.

பழங்காநத்தம் பேஸ்:
சரி அண்ணே, எர்த் பின் டேப்பை எடுத்துவிட்டேன். இரைச்சல் வந்துவிட்டது. இப்போது நானும் க்யூவில் நிற்கிறேன் 😅

நாகமலைவாசி:
எலெக்ட்ரீஷியன் வந்து போனார். அண்ணன் சொன்னது அப்படியே. மாடி அறை வீடு கட்டி வெகுகாலம் கழித்து எடுத்தது. கட்டில் பக்கத்து பிளக்கைக் கழற்றினால், எர்த் ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் திருகில் வயரே மாட்டவில்லை. பச்சை வயர் சுருட்டி, நுனிகூடச் சீவாமல், பெட்டிக்குள் கிடந்தது. டாக்கைக் கழற்றிவிட்டுச் சார்ஜர் மட்டும் போட்டு, லேப்டாப் உடம்புக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வைத்தார். நூறு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எனக்கு விட்ட டோஸ் தனி.

வயரை மாட்டிய பிறகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றது. கொல்லையில் இருக்கும் எர்த் குழியைத் திறந்தோம். கரியும் உப்பும் போட்ட பழைய குழி, சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குழாய் வாயில் வைத்த புனலுக்குள் சிலந்தி வலை. நட்டையும் கிளாம்பையும் துருவெடுத்துச் சுரண்டி முறுக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். இப்போது இரண்டு வோல்ட். லேப்டாப்பைத் தடவினால் நடுக்கம் இல்லை. இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. குமிழைப் பாதிக்கு மேல் வைத்தால் மட்டும் லேசாகக் கேட்கிறது.

கீழவாசல் ரேடியோ:
நல்ல வேலை. வெயில் காலம் முடிகிறவரை வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் புனலில் தண்ணீர் விடுங்கள், ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் சேர்த்துத்தான் அது.

மிச்சம் இருப்பதுதான் நிஜமான கிரவுண்ட் லூப். இரண்டு சுவரிலும் எர்த் வந்துவிட்டது, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். சார்ஜரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். ஆர்சிஏ வயர் குட்டையாக இருக்கட்டும், சார்ஜர் கட்டியோடு பின்னிக்கொண்டு கிடக்க வேண்டாம். ஆம்பில் கெயின் ஸ்விட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றுவது) இருந்தால் லோவில் வைத்துப் பாருங்கள். சத்தம் போதுமென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நாகமலைவாசி:
ஒரே பாக்ஸில் போட்டேன், லோ கெயினில் வைத்தேன். முடிந்தது அண்ணே! குமிழைக் கடைசி வரை திருகினால்தான், மவுஸை நகர்த்தும்போது 'கீச்' என்று எங்கோ தூரத்தில். அங்கே வைத்து யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. ஆம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கடைக்காரருக்குத்தான் வருத்தம். இப்போது எனக்கு இடைஞ்சல் ஃபேன் சத்தம் ஒன்றுதான். பின்பக்கம் திறந்த ஹெட்போன் என்பதால் எல்லாம் உள்ளே வருகிறது. இந்த வெயிலில் ஃபேனை அணைக்கவும் முடியாது.

பழங்காநத்தம் பேஸ்:
எனக்கு ஒரே பாக்ஸில் போட்டும் போகவில்லை. எர்த் சரியாக இருக்கிறது, பார்த்தாயிற்று. என்னுடையது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். யூஎஸ்பி வயரின் நடுவே மாட்டி, டேட்டாவை மட்டும் விட்டு இரண்டு பக்கத்து மின் தொடர்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறதே, வாங்கலாமா?

எல்லீஸ் நகர் 44.1:
வாங்கலாம், ஆனால் பார்த்து. விலை குறைந்தவை நிறைய 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டும்தான். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் பழைய முறை டாக்குக்கு அது போதும். 192, 384 என்று போகும் டாக் பலவற்றுக்கு 480 மெகாபிட் வேகம் வேண்டும், சின்ன ஐசொலேட்டரில் அவை எழுந்திருக்காமலே போகலாம். உங்கள் மதர்போர்டின் பின்னால் சிவப்பு வெளிச்சம் வரும் ஆப்டிகல் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். டாக்கிலும் ஆப்டிகல் இருந்தால் அதுதான் சுலபம். வெளிச்சம் மட்டுமே போகிற வயர், கரண்ட் போக வழியே இல்லை. டாக்குக்கு மின்சாரத்தை மட்டும் தனி அடாப்டரில் கொடுங்கள். அதே கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் கொடுத்தால் பழைய குருடிதான்.

திருநகர் மாமி:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் டாக்கை ஆப்டிகல் வயரில் டிவியோடு இணைத்தால் யூடியூப் பாட்டு கேட்கிறது, சில படங்களுக்கு மட்டும் சத்தமே வருவதில்லை. வயர் கோளாறா?

எல்லீஸ் நகர் 44.1:
வயர் நன்றாகத்தான் இருக்கிறது மாமி. அந்தப் படங்களுக்கு டிவி டால்பி அனுப்புகிறது, ஸ்டீரியோ டாக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவி செட்டிங்ஸில் சவுண்டுக்குள் போய், டிஜிட்டல் அவுட்புட்டை ஆட்டோவிலிருந்து பிசிஎம்முக்கு (டாக்குக்குப் புரியும் சாதாரண ஸ்டீரியோ முறை) மாற்றிவிடுங்கள்.

திருநகர் மாமி:
வந்துடுத்து!