மறு: ஏரோபார் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மிதிவண்டி ஹேண்டில்பாரின் மேல் மாட்டி, முன்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட உதவும் கம்பிதான் ஏரோபார். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஏரோடைனமிக்ஸ் காற்றியக்கவியல் என்றால் ஏரோபார் ‘காற்றியக்கக் கைப்பிடி’தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. முதல் டிரையத்லானுக்கு (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) பெயர் கொடுத்துவிட்டு, என் சாலை மிதிவண்டியில் இதை மாட்டலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் குழம்பி, கடைசியில் நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். காற்றியக்கக் கைப்பிடி என்ற பெயர் வேறொரு பொருளுக்குத் தேவைப்படுகிறது. காற்றைக் கிழிக்கும்படி மேல்பகுதியைத் தட்டையாகச் செய்த வளைந்த ஹேண்டில்பார்கள் கடைகளில் கிடைக்கின்றன, அவற்றையும் ஏரோ என்றுதான் விற்கிறார்கள். பல ஏரோபார்களின் கவ்வி 31.8 மி.மீ. உருண்டைக் குழாயைப் பிடிப்பதற்கென்று செய்தது, அந்தத் தட்டைப் பகுதியில் உட்காராது. ஒன்றில் இன்னொன்றை மாட்ட முடியாத இரண்டு பொருளுக்கும் ஒரே பெயர் வைத்தால், வாங்கப் போகிறவர் பாடு என்னாவது?

அப்புறம், காற்றுத்தடையில் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால் வருவது. கம்பி செய்வது ஒரே வேலை: முன்கைகளைத் தாங்கிக்கொள்கிறது. தாங்கல் கிடைப்பதால்தான் கைகள் நெருங்கி, முதுகு தாழ்ந்து, அந்த நிலையிலேயே 90 கி.மீ. வரை ஓட்ட முடிகிறது. 1989 டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனியோட்டம் (ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது), 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் இந்தக் கம்பியில் முன்கைகளை ஊன்றி ஓட்டி, இது இல்லாமல் ஓட்டிய லோரான் ஃபினியோனை மொத்தக் கணக்கில் 8 நொடி வித்தியாசத்தில் முந்தினார். பிரெஞ்சில் இதை ‘நீட்டுவது’ என்ற பொருளில் அழைக்கிறார்கள், ஜெர்மனில் ‘மேலே பொருத்தும் ஹேண்டில்’ என்றும் ஒரு சொல் உண்டு. இரண்டிலுமே காற்று இல்லை, பாருங்கள்.

என் பரிந்துரை: அணைப்பிடி. தலையணை, பஞ்சணை, அரியணை என்று உடம்பைத் தாங்குகிற பொருளுக்கெல்லாம் ‘அணை’ போட்டுப் பழகிய மொழி நம்முடையது. முன்கை பதியும் மெத்தைக்கு முன்கையணை, அதிலிருந்து முன்னே நீளும் குழாய்க்கு நீள்பிடி, இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கு அணைப்பிடி.

> அணை என்றால் மேட்டூர் அணைதான் ஞாபகம் வரும். கட்டியணைப்பது போலவும் கேட்கிறது.

தலையணையைப் பார்த்து யாருக்கும் மேட்டூர் ஞாபகம் வருவதில்லையே. கட்டியணைப்பது போல் கேட்டால் நல்லதுதான், அந்த நிலையில் ஓட்டும்போது வண்டியை மார்போடு அணைத்த மாதிரிதான் இருக்கும்.

சரி, மாட்டலாமா என்று தனியே கேட்டிருந்த நண்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பந்தயம், 40 கி.மீ. மிதிவண்டி என்றால் இப்போதைக்கு வேண்டாம். 90 கி.மீ. என்றால், அதுவும் முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டத் தடை உள்ள பந்தயம் என்றால், பயன் உண்டு. ஆனால் பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே மாட்டி, அதில் சாய்ந்தபடி மணிக்கணக்கில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். சாலை மிதிவண்டியில் இதை மாட்டினால் பெரும்பாலும் சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் வந்து முட்டும். ஹேண்டில்பார் கார்பன் என்றால், கவ்வி போட அதன் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், சாய்ந்திருக்கும்போது பிரேக் உங்கள் கையில் இருக்காது. ஈ.சி.ஆரில் ஒரு விடியற்காலை நாய் குறுக்கே வந்தபோது கையை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் அது கடந்தே போய்விட்டது. அன்றிலிருந்து ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலும் கூட்டமாக ஓட்டும்போதும் நான் சாய்வதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. டிரையத்லானுக்கென்றே வரும் வண்டிகளில் பிரேக் பொருத்தியிருக்கும் கீழ்க்கம்பிக்கு ‘அடிப்பிடி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் சண்டைக்குக் கூப்பிடுவது போல் ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.