டெனான் டிஎல்-103 (ரெக்கார்ட் பிளேயர் ஊசி கார்ட்ரிட்ஜ்) வெச்சா எத்தனை ஓம் லோடு வெக்கறது? 100ல டல்லா இருக்கு

ஊசிமுனை:
எம்எம்ல (மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்) இருந்து இப்பதான் எம்சிக்கு (மூவிங் காயில்) மாறினேன், டெனான் டிஎல்-103. ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜ் சிக்னலைப் பெருக்கற பெட்டி) பின்னாடி, கார்ட்ரிட்ஜ் பாக்கற ரெசிஸ்டன்ஸை, அதான் லோடை மாத்த 100, 470, 1கே (1000), 47கே ஓம்னு குட்டி சுவிட்ச் இருக்கு. கூட வந்த பேப்பர்ல 100 ஓம்னு போட்டிருக்கு, ஆனா அதுல அமுங்கின மாதிரி கேக்குது, 47கே போட்டா நல்லா ஓப்பனா இருக்கு, ஆனா நாதஸ்வரம் எல்பி போட்டா காதுல குத்துது. எதுங்க சரி? தப்பா வெச்சா கார்ட்ரிட்ஜுக்கு ஏதும் ஆயிடுமா?

தட்டுப்பைத்தியம்:
ஒண்ணும் ஆகாது ப்ரோ, தாராளமா மாத்திப் பாருங்க, மாத்தறப்ப மட்டும் வால்யூமை சுத்தமா குறைச்சிடுங்க, இல்லன்னா ஸ்பீக்கர்ல டப்புன்னு அடிக்கும். 103ஓட காயிலே 40 ஓம். வர்றதே 0.3 மில்லிவோல்ட், 100 லோடு குடுத்தா அதுல கிட்டத்தட்ட 3 டெசிபல் காயில்லயே போயிடும், 470ல 0.7தான் போகும். சத்தம் கம்மியா இருந்தா டல்லாதான் தோணும். ஒவ்வொரு செட்டிங்குக்கும் வால்யூமை சமமாக்கிட்டு கேளுங்க, பாதி வித்தியாசம் காணாம போயிடும்.

ஓம்_சாந்தி:
மேல சொன்னது கரெக்ட், ஆனா 47கேல குத்தறதுக்கு காரணம் வேற. எம்எம்ல காயில் இண்டக்டன்ஸ் பெருசு, அது கேபிள் கெப்பாசிட்டன்ஸோட சேந்து காதுக்கு கேக்கற ரேஞ்ச் விளிம்புலயே ஒரு மேடு (சிக்னல் எகிறற இடம்) போடும், லோடு மாத்தினா ட்ரெபிளே மாறும். எம்சில இண்டக்டன்ஸ் ரொம்ப கம்மி, அந்த மேடு பல நூறு கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ்னு எங்கயோ போயிடும், நம்ம காதுக்கு வராது. ஆனா 47கேல அதை அடக்க ஆளில்ல. தட்டுல கீறலோ தூசியோ வர்றப்ப அந்த குப்பையெல்லாம் ஃபோனோ ஸ்டேஜுக்குள்ள ஏறும், சுமாரான ஸ்டேஜா இருந்தா அங்கயே டிஸ்டார்ட் ஆகி நமக்கு கேக்கற ரேஞ்சுக்கு இறங்கிடும். நல்ல ஸ்டேஜ்ல 47கே கூட சாதுவா இருக்கும். லோடு காயில் இம்பீடன்ஸ்ல (அந்த 40 ஓம்) 10 மடங்கு இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கு 400 வருது, அதனால 470ல ஆரம்பிங்க.

பழைய_ஆம்ப்:
லோடு மேல பழி போடறதுக்கு முன்னாடி ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கற கை) பாருங்கப்பா. 103 வந்தது 1960கள்ல, ஜப்பான் என்எச்கே ரேடியோ ஸ்டேஷனுக்காக. கோனிக்கல் (கூம்பு முனை) ஊசி, கம்ப்ளையன்ஸ் கம்மி (ஊசி விறைப்பா இருக்கும்), ஊசி தட்டை அழுத்தற வெயிட் 2.5 கிராம், கனமான ஆர்ம் கேக்கும். லேசான ஆர்ம்ல மாட்டிட்டு ஓம் மாத்தி பிரயோஜனமில்ல.

ஊசிமுனை:
நன்றி எல்லாருக்கும். வெயிட் 1.8லதான் இருந்துச்சு 😅 2.5 வெச்சு 470 போட்டேன், குத்தறது நல்லாவே குறைஞ்சிருக்கு. அப்படியே இன்னொரு டவுட், அப்புறமா ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் (எம்சியோட வோல்டேஜை எம்எம் அளவுக்கு ஏத்தறது) வாங்கினா இந்த சுவிட்ச்சை எங்க வெக்கணும்?

ஓம்_சாந்தி:
சுவிட்ச் 47கேல, ஸ்டேஜ் எம்எம் மோட்ல. ட்ரான்ஸ்ஃபார்மர் ரேஷியோவோட ஸ்கொயரால 47கேயை வகுத்தா வர்றதுதான் கார்ட்ரிட்ஜ் பாக்கற லோடு. 1:10க்கு 470, 1:20க்கு 117. 103க்கு 1:10 வாங்குங்க, 3 மில்லிவோல்ட் கிட்ட வரும், எம்எம் இன்புட்டுக்கு அது போதும்.