சிங்கப்பூர் ஸ்டாம்ஃபர்ட் ஹோட்டல் நெசமாவே உலகத்துலயே உயரமா இருந்துச்சா?

முகிலன்_78:
சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் மேல நிக்குற அந்த உருண்டை டவர், சுவிஸோட்டெல் ஸ்டாம்ஃபர்ட், அதோட வரலாறு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? எங்க மாமா இன்னமும் அதை வெஸ்டின்னுதான் சொல்வாரு, ஒரு காலத்துல உலகத்துலயே உயரமான ஹோட்டல் இதுதான்னு அடிச்சும் பேசுறாரு. அது உண்மையா, எவ்வளவு நாள் அப்படி இருந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சு?

பிராஸ்பாசா வாசி:
மாமா சொல்றது சரிதாங்க. 1986ல திறந்தப்ப பேரு வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட். 73 மாடி, 226 மீட்டர், ரூம் மட்டும் 1,200க்கு மேல. பக்கத்துல குட்டையா இருக்கறது அப்ப வெஸ்டின் பிளாசா. 2002ல ரெண்டுக்கும் பேர் மாறுச்சு, பெருசு சுவிஸோட்டெல் ஆச்சு, சின்னது ராஃபிள்ஸ் தி பிளாசா ஆகி அப்புறம் 2007ல ஃபேர்மாண்ட் ஆச்சு. ஆனா அந்தக் காலத்து ஆளுங்க வாயில வெஸ்டின்தான் வரும், எங்க வீட்லயும் அப்படித்தான்.

டிசைன் பண்ணவரு ஐ.எம்.பெய், பாரிஸ் லூவர் மியூசியத்துல கண்ணாடி பிரமிடு வச்சாரே அவரேதான். கட்டுனது தென்கொரியாவோட சாங்யோங் கம்பெனி. பின்னாடி மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலைக் கட்டுனதும் அவங்கதான்.

செல்வி அக்கா:
தம்பி, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களே, அங்க இருந்தது ஒரு பள்ளிக்கூடம். ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன், 1823ல ஆரம்பிச்சது, 1837லேர்ந்து பிராஸ் பாசா ரோடு பக்கம் அந்த நிலத்துலதான் நடந்துச்சு. லீ குவான் இயூ அங்க படிச்சவரு, யாழ்ப்பாணத்துல பொறந்து நம்ம சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சரா இருந்த எஸ்.ராஜரத்தினமும் அங்க படிச்சவருதான். 1972ல பள்ளிக்கூடத்தை கிரேஞ்ச் ரோடுக்கு மாத்திட்டாங்க, பழைய கட்டடத்தை இடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் உடனே ஹோட்டல் வரல, வேலை ஆரம்பிச்சதே 1980லதான். இத்தனை வருஷம் காலியா போடப்போறோம்னா அந்தக் கட்டடத்துல ஒரு பகுதியையாவது வச்சிருக்கலாம்ல, அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். எதிர்ல இருக்குற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இன்னமும் நிக்குதுதானே, அதை இடிக்கணும்னு யாருக்கும் தோணலையே. இந்தியாவிலேர்ந்து கொண்டுவந்த கைதிங்க உழைப்புல எழும்புன கட்டடம் அது, உள்சுவத்துக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசுனது.

இன்னொன்னு, ஹோட்டல் திறந்த நேரமும் சரியில்ல. 1985ல சிங்கப்பூர்ல பொருளாதாரம் சரிஞ்சு, ஏற்கெனவே ஊர் பூரா ஹோட்டல் ரூம் அளவுக்கு மீறி இருந்த சமயத்துல இவ்வளவு பெருசா ஒண்ணு வந்துச்சு.

கான்கிரீட் கணேசன்:
உயரத்தைப் பத்தி நான் சொல்றேன். ஜெயிச்சது ரொம்பக் கொஞ்ச வித்தியாசத்துலதான். அட்லாண்டா பீச்ட்ரீ பிளாசா 1976லயே 220 மீட்டர், அடுத்த வருஷம் டெட்ராய்ட் ரெனைசான்ஸ் சென்டர் ஹோட்டல் அதைவிட ஒண்ணு ரெண்டு மீட்டர் கூட. ஸ்டாம்ஃபர்ட் 226. பட்டம் சுமார் 11 வருஷம் இருந்துச்சு, 1997ல பாங்காக் பையோக் டவர் 304 மீட்டருக்குப் போயி எடுத்துக்கிச்சு. நடுவுல வடகொரியாவுல ரியூக்யோங் ஹோட்டல் 330 மீட்டருக்கு எழும்பிடுச்சு, 105 மாடி, 1992ல வேலை நின்னு போச்சு, விருந்தாளியே தங்கல, அதனால அதை ஹோட்டல் கணக்குல சேர்க்கறதில்ல. தென்கொரியா கம்பெனி சிங்கப்பூர்ல இதைக் கட்டுனதுக்குப் போட்டியாத்தான் வடகொரியா அதை ஆரம்பிச்சாங்கன்னு பரவலா சொல்லுவாங்க, 1987ல ஆரம்பிச்சதைப் பாத்தா காலம் பொருந்தித்தான் வருது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், உலகத்துலயே உயரமான ஹோட்டலா இருந்தும் சிங்கப்பூர்லயே ரொம்ப உயரமான கட்டடம் இது இல்ல. அதே 1986ல ராஃபிள்ஸ் பிளேஸ்ல ஓயூபி சென்டர் 280 மீட்டர்ல முடிஞ்சுது. அங்க ரொம்ப வருஷமா 280தான் உச்சவரம்பா இருந்துச்சு, விமானப் பாதை காரணமா அதுக்கு மேல விடல.

முகிலன்_78:
அடேங்கப்பா, நன்றிங்க எல்லாருக்கும். செல்வி அக்கா, பள்ளிக்கூட விஷயம் மாமாவுக்கே தெரியுமான்னு கேக்கணும். படிக்கட்டுல ஏறி ஓடுற ரேஸ் இங்கதானே நடந்துச்சு?

பிராஸ்பாசா வாசி:
ஆமாங்க, வெர்ட்டிகல் மாரத்தான், 73 மாடியும் படியிலயே ஏறணும், மொத்தம் 1,336 படி, பல வருஷம் நடத்துனாங்க. ஏற முடியாதவங்களுக்கு லிஃப்ட் இருக்கு, 70வது மாடி ரெஸ்டாரன்ட்டுக்கு மாமாவைக் கூட்டிட்டுப் போங்க, வானம் தெளிவா இருந்தா மலேசியாவும் இந்தோனேசியத் தீவுங்களும் தெரியும். முன்னாடியே டேபிள் புக் பண்ணிடுங்க, அதுவும் எஃப்1 ரேஸ் நேரத்துல ஜன்னலோரம் கிடைக்கவே கிடைக்காது.