ஐயரும் ஓமமும் இல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

அல்லிக்குளம்: எங்கள் இருவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. மாலை மாற்றி, நாங்களே எழுதிய உறுதிமொழியைப் படித்துக் கல்யாணத்தை முடித்துக்கொள்ள ஆசை. அம்மாவுக்குத்தான் பயம், "அக்கினி சாட்சி இல்லாட்டி நாளைக்கு கோர்ட்ல செல்லாதுன்னுட்டா?" என்கிறார். சான்றிதழ்படி இருவரும் இந்துக்கள், ஊர் சென்னை. தாலியாவது கட்டியே ஆகவேண்டுமா?

கறுப்பு கவுன்: வேண்டாம். 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தின்படி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு இருக்கிறது. உறவினரோ நண்பரோ யாராவது முன்னிலையில், உங்களுக்குப் புரிகிற மொழியில் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம், இதில் எது செய்தாலும் கல்யாணம் கல்யாணம்தான். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தத் திருத்தம் செல்லும் என்றாக்கியது. ஊரைக் கூட்டித்தான் நடத்தவேண்டும் என்பதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் இது தமிழ்நாட்டுத் திருத்தம், மண்டபத்தைப் பெங்களூரில் பிடித்துவிட்டு 7ஏ என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், பதிவு தனி வேலை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

வேப்பமரம்: இருவரில் ஒருவர் வேறு மதம் என்றால் 7ஏ உதவாது, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி கிறிஸ்தவர். 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் செய்தோம். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்கவேண்டும், கொடுக்கிற மாவட்டத்தில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்கவேண்டும், கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும். இதெல்லாம் தெரியாமல் பத்திரிகை அடித்துவிட்டோம், கணக்குப் பார்த்தால் தேதிக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. மண்டபத்தில் ஒரு தேதி, சான்றிதழில் வேறு தேதி என்றாகிவிட்டது, அது இன்னும் உறுத்துகிறது. முதலில் நோட்டீஸ், பிறகு பத்திரிகை.

அல்லிக்குளம்: ரொம்ப நன்றி. 7ஏ பிரிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "மாலை போதும்னு சட்டமே சொல்லுதா?" என்று இரண்டு தடவை கேட்டார். உறுதிமொழியை யார் சொல்லவைப்பது?

செம்பருத்தி: எங்களுக்கு என் அத்தை தலைமை தாங்கினார். அவர் விதவை, அதுவரை எந்தக் கல்யாண மேடையிலும் அவரை ஏற்றியதில்லை. மாலையை எடுத்துக் கொடுக்கும்போது கை நடுங்கியது. உங்கள் அம்மாவையே மேடைக்குக் கூப்பிடுங்களேன். மாலை மாற்றும்போது சாட்சிகளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, பத்திரிகையோடு பத்திரமாக வைத்திருங்கள், பதிவுக்குப் போகும்போது கைகொடுக்கும்.